சாக்பீஸ் பொடியில் ஒரு கோடு

பழைய துப்பாக்கிக் குழலைத் திருத்துவது, ஐயா, அடுத்தவன் போட்ட சட்டையைப் பிரித்துத் தைப்பது போலத்தான். முன்னால் போட்டவன் எங்கே இழுத்தான், எங்கே கிழித்தான் என்பது பிரித்த பிறகுதான் தெரியும்.

உங்கள் போலீஸ் அறிக்கையில் என் வேலையைக் 'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் இன்று காலை நானாகவே வந்தேன்.

என் பெயர் எமில். புதுச்சேரியில் பிறந்தவன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினெட்டு வருடம் ஆயுதம் பழுது பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு பாரிஸில், லா ஷப்பேல் பகுதியில், எங்கள் கட்டடத்து நிலவறையில், சிறிய கடைசல் இயந்திரம் ஒன்று போட்டேன். வேட்டைக்காரர்கள் தேய்ந்த குழல்களைக் கொண்டுவருவார்கள். தொழிற்சாலைக் குழல் வெளியே அழகான உருண்டை. உள்ளே துளை நடுவில் இருக்காது. வெளிப்புறத்தை நம்பி இயந்திரத்தில் பிடித்தவன் கெட்டான். தோட்டா உட்காரும் பக்கம் சூட்டில் அரித்திருக்கும். அதை வெட்டிவிட்டுப் புதிதாகக் குடைய வேண்டும். வெட்ட வெட்டக் குழல் மெலிந்த இடம் பின்னால் வந்துவிடும். அந்த மெல்லிய இடத்தில் சிறு பிழைக்கும் மன்னிப்புக் கிடையாது, சுட்டால் வெடித்துவிடும்.

வெடிப்புப் பார்க்க எனக்கு ஒரு வழக்கம் உண்டு. குழலை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, மேலே சாக்பீஸ் பொடி பூசி வைப்பேன். வெடிப்பு இருந்தால் அதற்குள் ஒளிந்த எண்ணெய் கசிந்து வெள்ளையில் ஒரு கோடு வரும். கோடு வந்த குழலை ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் போட்டுவிடுவேன்.

இராயப்பு பட்டாளத்து நாளிலிருந்தே என் நண்பன். நிலவறைக் கதவின் இன்னொரு சாவி அவனிடம்தான் இருந்தது.

மார்ச் மாதம் உங்கள் ஆட்கள் வந்து நிலவறையைக் கிளறினார்கள். நான் யாழ்ப்பாணத்துப் பையன்களுக்குத் துப்பாக்கி செய்வதாக யாரோ பெயரில்லாத கடிதம் போட்டிருந்தார்கள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்றுகூட அதில் எழுதியிருந்ததாக உங்கள் ஆட்கள் சொன்னார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் என் அனுமதிச் சீட்டை ஆறு மாதம் வைத்துக்கொண்டீர்கள். இயந்திரத்தின் மேல் துணி போர்த்தி, எதிரே உட்கார்ந்திருப்பேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மளிகைக்கடை யோகநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். கறிவேப்பிலையைத் தாளில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "அண்ணை, மிஷின், சாமான் எல்லாம் வடிவா எழுதியிருக்கெண்டால், அது உள்ளுக்கை வந்து போற ஆள்தான். வெளியாலை நிக்கிறவனுக்கு உது தெரியாது."

உள்ளே வந்து போகிறவன் ஒருவன்தான்.

சோதனைக்குப் பிறகு இரண்டு ஞாயிறு இராயப்பு வரவில்லை. சளி என்றான். மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்து வந்து, "ஏன்டா எமில், மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? போலீஸ் என்னத்த எடுத்துட்டுப் போனான், உன் மூளையவா?" என்று சிரித்தான். எல்லோரும் கேட்கும் கேள்விதான். ஆனால் சிரித்து முடித்த பிறகும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எதையோ எடைபோடுவது போல எனக்குப் பட்டது.

செப்டம்பரில் சீட்டுத் திரும்பி வந்தது. அதே வாரம் அவன் எங்கோ வாங்கிய பழைய குழல் ஒன்றைக் கொண்டுவந்தான். "வர்ற மாசம் காட்டுப்பன்னி வேட்டை. இத என் துப்பாக்கியில மாட்டிக் குடுடா. நீ தொட்டா எனக்குக் கவலையில்ல." ஒருவன் காரணமில்லாமல் இப்படிச் சொல்வானா?

மறுநாள் காலை பொடியில் கோடு இருந்தது. தோட்டா உட்காரும் இடத்தில், சுண்டுவிரல் நீளம். ரம்பத்தை எடுத்தேன். சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்ப ஆணியில் மாட்டினேன். பொடியைத் துடைத்தேன்.

பதினொரு நாள் அதில் வேலை செய்தேன். அவ்வளவு நேராக நான் எந்தக் குழலையும் குடைந்ததில்லை. கடைசியில் கருநீலச் சாயம் ஏற்றினேன். வெடிப்பு அதற்குள் மறைந்தது.

எந்தத் துப்பாக்கியையும் முதலில் நானே சுட்டுப் பார்த்துத்தான் கொடுப்பேன். அது அவனுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டான்.

"சுட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்பச் சரி. கெளம்பு, நீயும் வா."

முழங்கால் வலி என்றேன். போகும்போது தன் பையிலிருந்த தைலத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

வேட்டையில் குழல் வெடித்து இராயப்புக்கு வலது கண் போய்விட்டது, இடது கண்ணும் தேறாது என்றீர்கள். கேட்க வருத்தமாக இருந்தது. அந்தப் பெயரில்லாத கடிதத்தையும் நேற்றுக் காட்டினீர்கள். எங்கள் கட்டடக் காவல்காரி ஜிஸ்லேனின் கையெழுத்து. தபால்பெட்டிகளுக்கு மேலே அவள் ஒட்டும் அறிவிப்புகளில் தினமும் பார்ப்பதுதான். இயந்திரச் சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லையாம். கட்டடத்துச் சாவிக்கொத்தோடு வந்து நிலவறையைக் கூட்டுகிறவள் அவள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கவனக்குறைவு இல்லை. கோட்டைப் பார்த்தேன். சுட்டுப் பார்க்கவில்லை. குழல் வெடிக்கும் என்று தெரிந்தே அவன் கையில் கொடுத்தேன்.

ஆனால் ஒன்றை நீங்களும் யோசிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில், முகமெல்லாம் கட்டோடு, இராயப்பு உங்களிடம் என்ன சொன்னான்? எமிலின் வேலையில் குறையில்லை, தோட்டாவில் நான்தான் வெடிமருந்தைக் கூட்டிவிட்டேன் என்று. அவன் ஒருநாளும் தோட்டாவுக்கு மருந்து போட்டதில்லை, ஐயா, கடையில்தான் வாங்குவான். மனதில் ஒன்றும் இல்லாதவன் போலீசிடம் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? அதைக் கொஞ்சம் விசாரியுங்கள்.