கால் நனைக்காத மனிசன்

சொல்லுங்க, நான் எழுதிக்கொள்றன். சாமித்தம்பி, அது நீங்க. உங்கட பொஞ்சாதி அன்னப்பூரணி. அவ இப்ப இல்ல, எண்டாலும் பேரப் போடத்தான் வேணும். குழி தோண்டின இளையதம்பி, உங்கட மச்சினன். ஊர் விதானை நல்லரத்தினம். புள்ளையச் சுத்திறதுக்குப் புதுப்பாய் கொண்டந்து தந்த மீன் முதலாளி மீராசாஹிப். என்ட தங்கச்சி எமிலி ரீச்சர். மறுகா, உன்னிச்சையில இருந்து வந்த ஒரு மனிசன். பேர் தெரியாதா? இவ்வளவு வருசமாப் பேர் கேக்காமலே அவரோட வெத்திலை மாத்திக்கிட்டு இருந்தீங்களா? அவர்ர பேர் யாக்கோப்பு. அண்டைக்குப் பாசிக்குடாக் கரையில அந்தக் குழியடியில நிண்டது இவ்வளவு பேரும்தான். சரியா?

சரி. பேனைய வைக்கிறன். கோவிக்காதீங்க தம்பி, எழுத மாட்டன் எண்டு சொல்லல்ல. இந்தப் பட்டினத்தில இருந்து கச்சேரிக்குப் போற மனுவில பாதி இந்த மேசையில எழுதினதுதான். வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவள் நான். ஒரு எழுத்துப் பிழையோட ஒரு கடுதாசி வெளியால விட்டதில்ல. உண்மைப் பிழையோடயும் விட மாட்டன். தேத்தண்ணியக் குடியுங்க.

ஓட்டல் கட்டப் போறாங்க. உங்கட மகள்ர குழி, அதுக்குப் பக்கத்தில பொஞ்சாதிட குழி, ரெண்டும் அவங்க அளந்த நிலத்துக்குள்ள வருது. திங்கக்கிழமை புல்டோசர் வருது. மனு சரிவராட்டி மகள்ர குழிக்கு மேல ஏறிப் படுப்பன், என்ட நெஞ்சுக்கு மேலால ஏத்தட்டும் எண்டுறீங்க. செய்வீங்க. உங்கட முகத்தில தெரியுது. அதுதான் எனக்குக் கவலை.

வெள்ளக்காரனுக்கு என்னத்துக்கு நம்மட கரை? நீங்க கருவாடு காயப்போடுற அதே வெயில்ல தான் காஞ்சு கிடக்கிறதுக்கு, காசும் குடுத்து, கப்பல்லயும் ஏறி வாறான். புரட்டிப் போடத்தான் ஆள் இல்ல. சிரிப்பு வருதா? சிரியுங்க. இனிக் கொஞ்ச நேரத்துக்கு வராது.

முதல்ல யாக்கோப்புட கதை. அவரச் சாட்சிக்குக் கூப்பிட ஏலாது. பங்குனியில கண்ண மூடிட்டார். இந்த ஆகஸ்ட் லீவுக்கு ஏன் கரைப்பக்கம் வரல்ல எண்டு நீங்க யோசிச்சிருப்பீங்க. அதுதான் காரணம். ஓம், நல்ல மனிசன். வருசா வருசம் லீவில கொழும்புச் சனமும் கண்டிச் சனமும் குடும்பம் குடும்பமா வந்து கடல்ல விழுந்து கும்மாளம் போடக்குள்ள, வெள்ளை வேட்டியோட இவர் மட்டும் தனிய வருவார். குழிக்குப் பக்கத்துத் தாழை நிழல்ல இருப்பார். ஒரு நாளும் கடல்ல கால் நனைச்சதில்ல. தண்ணிக்குப் பயந்தவர் எண்டு நீங்க பகிடி பண்ணுவீங்களாம். போகக்குள்ள சுட்ட மீன் குடுத்து விடுவீங்களாம். கும்பிட்டு வாங்குவாராம்.

தம்பி, உன்னிச்சையில ஒரு குளம் கிடக்கு, கரை தெரியாத குளம். அங்க பிறந்தவனுக்குத் தண்ணிப் பயம் வருமா? அப்பிடியே பயந்த மனிசனா இருந்தாலும், வருசா வருசம் பஸ் ஏறிக் கடல் பாக்க வருவானா?

இருங்க, சொல்றன். புதைச்சதுக்கு முதல் நாள் நடந்தத விட்டுட்டு அத விளங்கப்படுத்த ஏலாது.

எமிலிக்கு அப்ப உன்னிச்சைப் பள்ளிக்கூடத்தில வேலை. கலியாணம் கட்டாதவ. வயலும் வரம்பும் தவிர ஒண்டும் காணாத புள்ளையளுக்கு லீவில பட்டினம் காட்ட வேணும் எண்டு ஒரே பிடி. கச்சி முகம்மதுட பழைய பஸ்ஸப் பேசி, விடியக் காத்தால எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு வந்தவ. கோட்டையில பீரங்கிக்கு மேல ஏத்தி இருத்தினாங்க. கல்லடிப் பாலத்தில நடத்தினாங்க. பாடுமீன் எங்க, பாடுமீன் எங்க எண்டு புள்ளையள் ஆத்தப் பாத்துக் கத்த, மீனெல்லாம் பகல்ல நித்திரை, நீங்க கத்துற கத்தில இனி ஒரு மாசத்துக்குப் பாடாது எண்டாராம் கச்சி முகம்மது. மறுகா ஆளுக்கொரு ஐஸ்பழம். ஐஸ்பழத்த வாயில வைச்ச ஒரு சின்னப் பொடிச்சி, சுடுது ரீச்சர், ஊதித் தாங்க எண்டு நீட்டினாளாம். அதுதான் ஞானமலர். யாக்கோப்புட ஒரே மகள். பள்ளிக்கூடத்தில சேர்ற வயசு கூட இல்ல. தகப்பன் கெஞ்சிக் கேட்டதால எமிலி கூட்டிக்கொண்டு வந்தவ.

மத்தியானம் பாசிக்குடா. எவ்வளவு தூரம் போனாலும் முழங்காலளவு தண்ணிதான் எண்டு ஊரெல்லாம் சொல்லுது. அதாலதான் அங்க ஒருத்தரும் புள்ளையப் பாத்துக்கொண்டு நிக்கிறதில்ல. முருகைக்கல்லுப் பாருக்குப் பக்கத்தில பள்ளம் இரிக்கி எண்டு உங்களப் போல ஆக்களுக்குத்தான் தெரியும். உங்கட ஊர்ப் புள்ளையளும் வந்து இவங்களோட சேந்திட்டுதுகள். ஓம், உங்கட கண்ணகையும். எமிலி குடுத்த விசிக்கோத்துப் பிஸ்கட்டுக்கு வந்தவ. எமிலிக்கு அவள நல்லா ஞாபகம் இருந்தது. ஏனெண்டா சட்டை.

அந்தச் சட்டையத் தைச்சது நான்தான். உங்களுக்குத் தெரியாதா? பெருவெள்ளத்தில சனம் உடுதுணி இல்லாம நிக்கக்குள்ள, நிவாரணம் எண்டு நீலக்கட்டம் போட்ட துணி கட்டுக் கட்டா வந்தது. இந்தா, இந்த மெசின்லதான் தைச்சன். ஒரு அளவு, ஒரு வெட்டு, ஒரு தையல். ரெண்டு சட்டையப் பக்கத்தில பக்கத்தில வைச்சா நானே பிரிச்சுச் சொல்ல மாட்டன். அதில எனக்குப் பெருமையும் இருந்தது. உன்னிச்சைக்கும் போனது, சித்தாண்டிக்கும் போனது, உங்கட கரைக்கும் போனது. வளர வளர மடிப்ப அவிட்டு நீட்டி, வருசக்கணக்கா அதையேதான் புள்ளையள் போட்டுத் திரிஞ்சதுகள்.

ஓம். அடுத்த நாள் காலம நீங்க கரையில கண்டெடுத்த புள்ளைட உடம்பில இருந்ததும் அதுதான்.

தம்பி, ஒண்டு கேக்கிறன். முகத்தப் பாத்தீங்களா?

பாக்கல்ல. எமிலியும் அதத்தான் சொன்னவ. ராத்திரி முழுக்கக் கடல்ல கிடந்த உடம்ப நண்டு விட்டு வைக்காது. தூரத்தில நீலக்கட்டத்தக் கண்ட உடனே ஓடிப் போய், தலைத்துண்ட அவிட்டு முகத்தில போட்டுத்தான் தூக்கினீங்களாம். பெத்தவளுக்கும் காட்டல்ல. விதானை திறந்து காட்டச் சொல்ல, கத்திய எடுத்தீங்களாம். பொஞ்சாதி அந்த முகத்தப் பாத்திரக் கூடாது எண்டு செய்தது. நான் குறை சொல்லல்ல.

பின்னேரம் எமிலியும் யாக்கோப்பும் பஸ் மாறி மாறி வந்து சேரக்குள்ள குழி தோண்டி முடிஞ்சுது. அவங்க என்னத்துக்கு வந்தாங்க எண்டு நீங்க ஒரு நாளும் கேக்கல்ல. ரீச்சர் கேள்விப்பட்டு வந்திருக்கா, கூட வந்தவர் ஆரோ இரக்கப்பட்ட மனிசன் எண்டு நினைச்சீங்க. அவங்க தேடி வந்தாங்க தம்பி. ஞானமலரத் தேடி வந்தாங்க.

கரைக்கு வர முதலே அன்னப்பூரணி பேர் சொல்லி அழுற சத்தம் கேட்டுதாம். அந்தப் பேரக் கேட்ட உடனே எமிலிக்கு எல்லாம் விளங்கிட்டு. எப்பிடி எண்டு பொறுத்துச் சொல்றன். கால் பின்னுக்கு இழுக்க இழுக்கச் சனத்த விலத்திக்கொண்டு உள்ளுக்குப் போனவ. பாய்க்கு வெளிய ஒரு கால் தெரிஞ்சுதாம். குதிக்கால்ல ஒரு தழும்பு. நெல் அவிச்ச கிடாரத்துத் தண்ணி பட்டு வெந்த தழும்பு. எமிலி தன்ட கையால மருந்து கட்டி ஆத்தின தழும்பு. திரும்பி யாக்கோப்பப் பாத்தா. அவர் அதத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறார்.

உங்கட மகள்ர காலில தழும்பு இருந்ததா? இல்லயே. அப்ப இருங்க.

எமிலி வாயத் திறந்தவ. யாக்கோப்பு அவட கைய எலும்பு நோக நெரிச்சார். மறுகா குனிஞ்சு, ரெண்டு கையாலயும் மண்ண அள்ளி, எறியாம, மெல்லக் காலடியில வைச்சார். ஊர் பேர் தெரியாத நீ என்ட புள்ளைக்கு மண் போட வந்தியே, உனக்கு ஒரு குறையும் வராது எண்டு நீங்க அவரக் கும்பிட்டீங்களாம். அவரும் உங்களக் கும்பிட்டாராம். தன்ட புள்ளையப் புதைச்சிட்டு, உங்களுக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போன மனிசன் அவர். அதுக்குப் பிறகு வருசா வருசம் வந்தது ஊர் பாக்கவும் இல்ல, கடல் பாக்கவும் இல்ல.

ஏன் சொல்லல்ல? நானும் அதத்தான் கேட்டன். இந்தத் தவக்காலத்தில, யாக்கோப்பு போன செய்தி கேட்டுப் படுத்த எமிலி, எழும்ப மாட்டன் எண்டு தெரிஞ்ச பிறகுதான் எனக்கே வாய் திறந்தவ. இந்த வீட்டில, இந்த மேசையில என்னோட சோறு திண்டுக்கொண்டு சொல்லாம இருந்தவ. எனக்குத் தெரிஞ்சதெல்லாம், ரெண்டு புள்ளையள் கை கோத்து ரோட்டால போனா அவ முகத்தத் திருப்பிக்கொள்ளுவா. பள்ளிக்கூடத்திலயும் கை கோக்க விட மாட்டா. இது என்னடி விசர் எண்டு நான் ஏசியிருக்கிறன்.

விசர் இல்ல. புள்ளையள ஆடு மாடு மாதிரி எண்ணிறது எமிலிக்குப் பிடிக்காது. சோடி சோடியாப் பிரிச்சு விட்டிருந்தா. வெளிக்கிடக்குள்ள ஒவ்வொரு புள்ளையும் சோடிட கையப் பிடிச்சிருந்தாப் போதும், ஒருத்தரும் தவறல்ல எண்டு அவட கணக்கு. பொழுது படுகுது. யானை இறங்க முதல் உன்னிச்சை ரோட்டத் தாண்ட வேணும் எண்டு கச்சி முகம்மது ஹோன் அடிச்சுக்கொண்டே இருக்கார். சோடி பிடிங்க எண்டு எமிலி கத்தினவ. ஞானமலர்ட சோடி, எஸ்தர் எண்டு ஒரு புள்ள. அவள் பாத்தா, சோடியக் காணல்ல. காணல்ல எண்டு சொன்னா ஏச்சு விழும். பக்கத்தில நீலக்கட்டச் சட்டையோட ஒரு சின்னக் கை. பிடிச்சிட்டா. பஸ்ஸும் விசிக்கோத்தும் எண்டா எந்தப் புள்ளதான் வர மாட்டன் எண்டும்? எல்லாக் கையும் இன்னொரு கைக்குள்ள இருந்தது. எமிலி பாத்தா. சரி, போவம் எண்டா.

ஏறின உடனே அத்தனையும் நித்திரை. உன்னிச்சையில இறங்கக்குள்ள இருட்டு. யாக்கோப்புட பொஞ்சாதி செசீலியா, தோள்ல சாஞ்ச புள்ளைய வாங்கிக்கொண்டு வீட்ட போய், விளக்கடியில முகத்தப் பாத்தா.

விடிஞ்சதும் எமிலி ஓடினவ, அந்தப் புள்ளையத் திருப்பிக் கொண்டுவந்து உங்களிட்டத் தர. பேர் என்ன எண்டு கேட்டதுக்குக் கண்ணகை எண்டு மழலையில சொல்லிச்சாம். அந்தப் பேரத்தான் பின்னேரம் அன்னப்பூரணி சொல்லி அழக்குள்ள எமிலி கேட்டது. செசீலியா குடுக்கல்ல. என்ட புள்ளையக் கொண்டு வாங்க, இதக் கொண்டு போங்க எண்டு கதவச் சாத்தினவ. வெறுங்கையோட வந்தாங்க, வெறுங்கையோட திரும்பினாங்க. திரும்பக்குள்ள பஸ்ஸில யாக்கோப்பு சொன்னாராம், அங்க ஒருத்தி அழுதிட்டா ரீச்சர், இஞ்ச இன்னொருத்தியையும் அழ வைக்க என்னால ஏலாது எண்டு. வயல் வட்டைக்குள்ள தனிச்ச குடில், அயலட்டை கிடையாது. புள்ள கொஞ்ச நாள் அம்மா அம்மா எண்டு அழுதுதாம். மறுகா செசீலியாவையே அம்மா எண்டு கூப்பிடப் பழகிட்டு.

அது நியாயம் எண்டு நான் சொல்ல மாட்டன். அன்னப்பூரணி அழுது முடிக்கல்ல; அழுதழுதே போய் அந்தக் குழிக்குப் பக்கத்தில படுத்தவ. எமிலிட பேரில மன்னிப்பும் கேக்க மாட்டன். கேக்க வேண்டியவ கேக்காமப் போயிட்டா. நான் சொல்றது இவ்வளவுதான். திங்கக்கிழமை நீங்க அந்தக் குழிக்கு மேல படுக்கக் கூடாது. பொஞ்சாதிக்காக மனு வேணும் எண்டா இப்பவே எழுதித் தாறன். புள்ளைட குழிக்கு எண்டா, கேக்க வேண்டியவ செசீலியா.

உங்கட கண்ணகைய ஞானமலர் எண்டுதான் கூப்பிடுறாங்க. கலியாணம் கட்டி, இப்ப கையில ஒரு பொடியன். போன ஞாயிறு அவனுக்கு ஞானஸ்நானம், நானும் போயிருந்தன். சாப்பாடு பரவாயில்ல, கறிக்குத்தான் உப்புக் கூட. கண்ணாடி இல்லாம எனக்குக் கிட்டத்தில சரியாத் தெரியா எண்டு கண்டுட்டு, பக்கத்தில குந்தி மீன் முள்ளெல்லாம் எடுத்துத் தந்தவ. அவவுக்கு ஒண்டும் தெரியா. சிரிக்கக்குள்ள உங்கள மாதிரியே ஒரு பக்கம் வாய் கோணுது.

ஏன் எழும்புறீங்க? இருங்க தம்பி. சாமித்தம்பி, ஏசிட்டாவது போங்க.

அந்தப் பக்கம் இல்ல தம்பி. அது கல்குடாவுக்கு, உங்கட கரைக்குப் போற ரோட்டு. உன்னிச்சைக்கு இஞ்சால.