பின்கதவின் தாழ்ப்பாள்

பொம்மை வண்டி என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. அது மாதிரி வண்டி. அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. இந்த வித்தியாசத்தைச் சொல்லிச் சொல்லியே எனக்குப் பாதி ஆயுசு போய்விட்டது.

கடையில் பெட்டி வாங்கினால் உதிரிகள் எல்லாம் பிளாஸ்டிக் சட்டத்தோடு இருக்கும். வெட்டி, உரசி, ஒட்டினால் ஒரு கவச வண்டி வந்துவிடும். அதை யாரும் செய்யலாம். நான் செய்ய நினைத்த வண்டிக்குப் பெட்டியே கிடையாது. என் அண்ணன் ராணுவத்தில் ஓட்டியது அது. பட்டறைக்காரர்கள் ஒரு வண்டியின் அடிப்பாகத்தில் இன்னொரு வண்டியின் கூண்டைத் தூக்கி வைத்துப் பற்றவைத்து, அடிபட்டவர்களை ஏற்றிவர அனுப்பினார்கள். மொத்தமே நாலு. வரைபடம் இல்லை. மூன்றை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அண்ணனுடையது எரிந்துபோனது. உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள். வெளியே வந்தது அண்ணன் மட்டும்.

ஆகவே நானும் இரண்டு பெட்டி வாங்கினேன். ஒன்றின் அடி, மற்றொன்றின் கூண்டு. சேரவே மாட்டோம் என்று இரண்டும் அடம்பிடித்தன. கூண்டு ஒன்றரை மில்லிமீட்டர் அகலம் அதிகம். உரசி உரசி என் விரல் ரேகை தேய்ந்துவிட்டது. எப்படியோ உட்கார வைத்தேன். ஆனால் பின்பக்கம்தான் உயிரை எடுத்தது. கிடைத்த ஒரே புகைப்படத்தில் அண்ணனோடு போன அந்த நாலு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு பின்கதவை மறைத்து நின்றிருந்தார்கள். செத்துப்போனவர்கள் மேல் கோபப்படக் கூடாது, எனக்கும் தெரியும். ஆனாலும் வந்தது.

கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். நடுவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். "பின்னாடி நீங்களா யோசிச்சுப் பண்ணதுதானே?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மூன்று வருட வேலை. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தெரிந்த ஆள் வீட்டிலேயே இருந்தான், அதுதான் கொடுமை. கதவு எப்படித் திறக்கும், தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று கேட்டால், "ஏதோ ஒரு பக்கம் இருந்துச்சுடா" என்று டீயை உறிஞ்சுவான். மறுநாள் கேட்டால், கதவு இருந்ததா என்று என்னையே திருப்பிக் கேட்பான். மாத்திரை அப்படி. அது ஆரம்பித்த பிறகுதான் அவன் தூக்கத்தில் அலறாமல் இருந்தான், அண்ணியும் தையல் கூடத்து வேலைக்கு நிம்மதியாகப் போய்வந்தார். அவர்களுக்கு நிம்மதி. எனக்குத்தான் ஒரு தகவலும் கிடைக்கவில்லை.

ஒரு தடவை மருந்துக் கடைக்குச் சரக்கு வரவில்லை. நாலு நாள் மாத்திரை இல்லை. நாலாம் நாள் மதியத் தூக்கத்தில் அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. "ஏணி மூணு படிதான், காலைப் பாத்து வைங்க" என்று யாரிடமோ சொன்னான். நான் நாலு படி வைத்திருந்தேன். ஓடிப்போய்ப் புகைப்படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒருவனின் முழங்காலுக்குப் பக்கத்தில் தெரிந்த இடைவெளி மூன்றுக்குத்தான் ஒத்துவந்தது.

புதுப் புட்டி வந்ததும் ஒரு மாத்திரையை வைத்து ரப்பரில் அச்சு எடுத்தேன். உதிரி ஒன்று குறைந்தால் எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். மாவும் சர்க்கரைப் பொடியும் குழைத்து, அழுத்தி, காயவைத்தேன். நடுக்கோடு கூடப் பிசிறில்லாமல் விழுந்தது. உடம்புக்குக் கெடுதலான எதையும் கலக்கவில்லை. என்னைக் கொடுமைக்காரன் என்கிறவர்கள் அதையும் கவனிக்க வேண்டும். புட்டி முழுக்க அதையே நிரப்பினேன். மதியம் நான் கொடுத்தேன். காலையும் இரவும் அண்ணியே தன் கையால் கொடுத்தார்.

பதினொரு வாரம். அண்ணன் பாதியாக இளைத்தான். அண்ணி டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதினார். எனக்கு அச்சு வேலை கூடியது. படுக்கை இருந்த இடம், விளக்குக்குப் போட்ட கம்பி வலை, தண்ணீர் டின் மாட்டிய கொக்கி, எல்லாம் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. கதவுக்கு வரும்போது மட்டும் வாயை இறுக்கிக்கொள்வான். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

வாய் சொல்லாவிட்டாலும் கை மறந்திருக்காது என்று கணக்குப் போட்டேன். அன்று மதியம் அவன் அறையை வெளியே தாழிட்டுவிட்டு, நோட்டோடு ஜன்னலில் நின்றேன். தூக்கத்திலேயே எழுந்தான். கதவுக்குப் போனான். இருக்கிற கைப்பிடியைத் தொடவே இல்லை. இடது பக்கம், தோள் உயரத்தில், வெறும் மரத்தைத் தடவி, இல்லாத ஒன்றை மேலிருந்து கீழே இழுத்தான். நகம் பெயரும்வரை இழுத்தான். இடது பக்கம். நான் இத்தனை நாளும் வலது பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தேன்.

அண்ணி அச்சைக் கண்டெடுத்து, ஒரு மாத்திரையை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகு, என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அவர் உங்களக் கூப்பிடவே இல்லையா, தம்பி?"

கூப்பிட்டான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவன், ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டான். "குள்ளா, கதவத் திறடா. முடியல" என்றான். சின்ன வயதில் அவன் எனக்கு வைத்த பெயர் அது. நான் உயரத்தை எழுதி, ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, பிறகுதான் தாழை எடுத்தேன். அப்போது மூச்சு இல்லை. மாத்திரையை மாற்றியது நான்தான். கதவைத் தாழிட்டதும் நான்தான். ஆனால் என் பெயரைச் சொன்னபோதே, தான் இருப்பது வண்டி இல்லை, வீடு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் கை போன இடம் எதையும் நான் குறிப்பில் சேர்க்கவில்லை. நான் யாரையும் ஏமாற்றுகிறவன் இல்லை, ஐயா.