இடைவேளையில் போட்ட கோடு

ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் சாய்ந்து பஸ்கள் எல்லாம் ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு போன வருஷம் அது. பஞ்சாலையில் மூன்றாவது ஷிப்டை நிறுத்தியதும் அதே வருஷம்தான். என் இளைய மகள் பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. வருஷத்தை எண்ணாகச் சொல்லும்படி காவல் நிலைய எழுத்தர் கேட்டார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாததால் மேற்படி விவரங்களைச் சொன்னேன். அவர் பாலத்தை வைத்துக் கணக்குப் பார்த்து, நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் என்று எழுதிக்கொண்டார்.

முதலில் பெயர், வயது, விலாசம் சொல்ல வேண்டும் என்றார்கள். என் பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. சுண்ணாம்புக்காரர் என்று கேட்டால் விளையாட்டு மைதானத்தைச் சுற்றி உள்ளவர்கள் என்னைக் காட்டுவார்கள். வயது எண்பத்து மூன்று. மைதானத்தின் கிழக்கு கேலரிப் படிக்கட்டுக்கு அடியில் உள்ள ஒற்றை அறையில் ஐம்பத்தைந்து வருஷமாகக் குடியிருக்கிறேன். முப்பத்தெட்டு வருஷம் அங்கேயே வேலை பார்த்தேன். புல் வெட்டுவது, வலை கட்டுவது, கால்பந்து ஆட்டத்துக்கு முன் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவது என் வேலை. மனைவி இறந்துவிட்டார். எனக்கு ஒரு காது மந்தம். ஞாபகத்தில் குறை இல்லை. எந்த வருஷம் யார் எத்தனை கோல் போட்டார்கள் என்று பந்தயம் கட்டியவர்கள் இன்றும் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். என்னை யாரும் அழைத்து வரவில்லை, மிரட்டவும் இல்லை. இன்று காலை பத்து மணிக்கு நானாக நிலையத்துக்கு நடந்து வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை தையல்காரர் வீட்டு ஜன்னலில் கல் எறிந்ததில், அவருடைய மனைவியின் நெற்றி கிழிந்து ஏழு தையல் போடப்பட்டிருக்கிறது. பிடிபட்ட மூன்று பேரும், அந்தக் காலத்தில் லைன்ஸ்மேனாக இருந்த அந்தத் தையல்காரர் விலை போனதால்தான் ஆலை அணி கோப்பையை இழந்தது, அந்தக் கோபத்தில் செய்தோம் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மூவரில் ஒருவருக்கும் முப்பது வயது ஆகவில்லை. அந்த ஆட்டம் நடந்தபோது அவர்களுடைய அப்பாக்களே டவுசர் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். லைன்ஸ்மேன் விலை போகவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஆலை அணி என்பது பஞ்சாலைத் தொழிலாளர்கள் சேர்ந்து வைத்திருந்த அணி. எதிரணி துறைமுக அணி. அதற்கு முன் மூன்று வருஷமும் நாங்கள் கடைசி ஆட்டம்வரை வந்து தோற்றிருந்தோம். மூன்று முறையும் நடுவர்தான் கெடுத்தார் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு வருஷம் பெனால்டி கொடுக்கவில்லை. ஒரு வருஷம் எங்கள் பின்கள ஆளை வெளியே அனுப்பினார்கள். இன்னொரு வருஷம் நாங்கள் சரியாக ஆடவில்லை, அதையும் நடுவர் கணக்கிலேயே எழுதிவிட்டோம். மாலைப் பத்திரிகை துறைமுக அணிக்கே சாயும் என்று அதன்மீதும் எங்களுக்குக் கோபம் உண்டு. டீக்கடையில் யாராவது சத்தமாக வாசிக்க நான் கேட்பேன். டீக்கடைக்காரர், "நம்மாளு கோல் போட்டா வானிலை அறிக்கைக்குக் கீழ வரும், அவன் தும்முனா மொதப் பக்கத்துல வரும்" என்பார். எல்லோரும் சிரிப்போம். ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

எழுத்தர், "சம்பவத்துக்கு வாங்க பெரியவரே" என்றார். இதுவும் சம்பவம்தான் என்றேன்.

கடைசி ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்பு வடக்குப் பக்கத்துக் கோல் கம்பங்கள் அடியில் உளுத்துப்போயிருந்ததால் தச்சர் புதுக் கம்பங்கள் நட்டார். பழைய கம்பங்களில், ஆடுகளத்தைப் பார்த்த முகத்தில், தரையை ஒட்டி நான் கம்பத்துக்கொரு ஆணி அடித்து வைத்திருந்தேன். இரண்டு ஆணிக்கும் நடுவே கயிறு கட்டி, கயிற்றுக்கு வலைப் பக்கமாகப் பொடியைக் கொட்டிக்கொண்டே போனால் கோடு கம்பத்தின் அகலத்துக்குச் சரியாக உட்காரும். அதற்குப் பார்க்கவே வேண்டாம், கை தானாகப் போகும். புதுக் கம்பத்தில் ஆணி இல்லை. ஆட்டத்தன்று காலையில் ஒரு பக்கம் தச்சரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார், கோடு சரியாக விழுந்தது. ஆணியை நாளைக்கு அடித்துக்கொள்ளலாம் என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

கொடி பிடித்து ஓரக்கோட்டில் ஓடும் துணை நடுவரை நாங்கள் லைன்ஸ்மேன் என்போம். அன்று மேற்குப் பக்க லைன்ஸ்மேனாக இருந்தவர் மார்க்கெட் சந்தில் ஒற்றை மெஷின் போட்டிருந்த தையல்காரர். அவருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பெரிய ஆட்டத்தில் அவர் கொடி பிடித்தது அதுதான் முதல் தடவை. வெள்ளைக் கால்சட்டையை அவரே தைத்துப் போட்டிருந்தார். அவர் மனைவியும் முதல் தடவையாக ஆட்டம் பார்க்க வந்து, வடமேற்கு மூலைக்கொடிக்கு அருகில் முதல் பெஞ்சில், கடைச் சாவியையும் குடையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் பாதியில் மழை கொட்டியது. இருபது நிமிஷத்தில் நின்றுவிட்டது. இடைவேளைக்கு விசில் ஊதியபோது வடக்குக் கோல்கோடு பால் கொட்டியதுபோல் கரைந்து ஓடிவிட்டிருந்தது. நடுவர் என்னிடம் பத்து நிமிஷத்தில் போடச் சொன்னார். தச்சர் அப்போது இல்லை. நான் தனி ஆளாக இருந்ததால் கயிற்றைக் கம்பங்களைச் சுற்றிக் கட்டினேன். ஈரக் கயிறு, புது வார்னிஷ். நான் இழுத்தபோது அது வழுக்கிக் கம்பத்தின் பின்பக்கமாகப் போய்விட்டிருக்கிறது. கை பழக்கத்தில் கயிற்றுக்கு வலைப் பக்கமாகவே பொடியைக் கொட்டினேன். தரை ஈரமாக இருந்ததால் இரண்டு மடங்கு கொட்டினேன். அடிப்பொடி நனைந்தாலும் மேல்பொடி காய்ந்தே இருந்தது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபோதுதான், கோடு முழுக்கக் கம்பத்துக்குப் பின்னால் அரைச் சாண் தள்ளி விழுந்திருப்பதைக் கண்டேன். அப்போது ஆட்டக்காரர்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். நடுவரிடம் ஓடிச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷம் நின்றிருப்பார். அரைச் சாணில் யார் கோல் போடப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வலைக்குப் பின்னால் போய் நின்றேன்.

அதன் பிறகு பத்து நிமிஷம் ஆகியிருக்கும். எங்கள் முன்கள ஆட்டக்காரர், நெட்டை என்று கூப்பிடுவோம், தூரத்திலிருந்து அடித்தார். பந்து மேல்கட்டையின் அடிப்பக்கத்தில் பட்டு நேராகக் கீழே விழுந்தது. கம்பத்தைத் தாண்டி விழுந்தது. ஆனால் என் சுண்ணாம்பின்மேல் விழுந்தது. வெள்ளைத் தூள் ஒரு பிடி பறந்ததை ஆறடி தூரத்தில் நின்று என் கண்ணால் பார்த்தேன். பந்து சுழன்று வெளியே வர, துறைமுகக் கோல்கீப்பர் அதன்மேல் விழுந்தார். கிழக்கு கேலரியில் இருந்தவர்களுக்குக் கம்பத்துக்கும் பந்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்திருக்கிறது. அவர்கள் கோல் என்று எழுந்து நின்றார்கள். நடுவர் லைன்ஸ்மேனைப் பார்த்தார். பந்து முழுவதும் கோட்டைத் தாண்டினால்தான் கோல். ஆளைப் பார்க்காதே, கம்பத்தைப் பார்க்காதே, கோட்டைப் பார் என்பதுதான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம். அவர் கோட்டைப் பார்த்தார், தூள் பறந்ததைப் பார்த்தார், இல்லை என்று தலையாட்டினார். தன் வேலையை அந்த மைதானத்தில் அன்று சரியாகச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

கேலரியிலிருந்து, "டேய் தையக்காரா, ஊசில நூல் கோக்கத் தெரியுது, இம்மாம் பெரிய பந்து தெரியலயா?" என்று ஒருவர் கத்தினார். "கண்ணுக்குப் பதிலா பட்டன் தச்சிருக்கான்யா" என்று இன்னொருவர் சொன்னார். நானும் அதற்குச் சிரித்தேன். அதன் பிறகு துறைமுக அணி ஒரு கோல் போட்டு ஜெயித்தது.

கடைசி விசில் ஊதியதும் வேலி சாய்ந்தது. கூட்டம் நடுவரை விட்டுவிட்டு லைன்ஸ்மேனை நோக்கிப் போனது. அவர் கொடியைக் கடைசிவரை விடவில்லை; அந்தக் கொடிக்கம்பு முறிந்து அதன் முனைதான் அவருடைய இடது கண்ணில் ஏறியது. அவர் மனைவி பெஞ்சைத் தாண்டி ஓடிவந்து, குடையை விரித்து அவர்மேல் பிடித்தார். அப்போது மழை இல்லை. நான் போய் நாலு பேரை இழுத்து விலக்கியிருக்கலாம், அந்தக் கூட்டத்தில் என் பேச்சுக்கு மரியாதை உண்டு. நான் போகவில்லை. அறையிலிருந்து விளக்குமாறு எடுத்துவந்து வடக்குக் கோல்கோட்டுச் சுண்ணாம்பைப் பெருக்கி வலைக்குப் பின்னால் தள்ளினேன். எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால் என்னை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் மாலைப் பத்திரிகையில் படம் வந்தது. பந்தும் கம்பமும் நடுவே இடைவெளியும் தெரிந்தன. ஆனால் படத்தின் அடிப்பகுதியை வெட்டி அங்கே சோப்பு விளம்பரம் போட்டிருந்தார்கள். டீக்கடைக்காரர் அதைத் தட்டிக் காட்டி, "பந்துக்குக் கீழ என்ன இருந்துச்சுன்னு காட்டுனா குட்டு ஒடஞ்சிரும்ல, அதான் வெட்டிட்டான்" என்றார். கீழே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் எங்கள் ஆட்கள் ஒரு துணியில் கறுப்புக் கண்ணாடி வரைந்து, கழியில் கட்டி, மைதானத்திலிருந்து தையல்காரர் வீட்டுவரை போய்க் கத்திவிட்டு வருவார்கள். ஐந்தாவது வருஷம் கழி கேட்டார்கள். மூலைக்கொடிக்கு வைத்திருந்த மூங்கிலில் ஒன்றை நானே சீவிக் கொடுத்தேன். கால்பந்துச் சங்கம் தையல்காரர் பெயரை நடுவர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஒரு கண்ணோடு அவரால் கோட், சட்டை தைக்க முடியவில்லை. பழைய துணி ஒட்டுப்போட்டார். மனைவி மற்ற தையல் கடைகளின் சட்டைகளில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டினார். அந்த அம்மா தன்னிடம் காஜா கொடுக்க வருபவர்களிடமெல்லாம், "தூள் பறந்துச்சுங்க, நான் பாத்தேன்" என்று சொல்வார். "புருஷனுக்குப் பொண்டாட்டி சாட்சியா?" என்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

எட்டு வருஷம் கழித்துப் பத்திரிகைப் புகைப்படக்காரர் வேலையை விட்டுப் போகும்போது, மேஜை இழுப்பறையைக் காலி செய்ததில் கிடைத்தது என்று வெட்டாத முழுப் படத்தை என்னிடம் கொடுத்தார். "உங்க கோடு எவ்வளவு அழகா விழுந்திருக்கு பாருங்க, வச்சுக்குங்க" என்றார். எனக்கு எழுத்துத்தான் படிக்கத் தெரியாது. கம்பம் ஒரு பக்கம், கோடு அதற்குப் பின்னால் தள்ளி, பந்தின் அடியில் வெள்ளைப் புகை. அதைத் தகரப் பெட்டியில் போட்டுப் பரணில் வைத்தேன்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் தையல்காரர் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பெட்டி அவர் தலைக்கு மேலே இருந்தது.

"அண்ணே, கோடு போட்டது நீங்க. பந்து விழுந்தப்ப வலைக்குப் பின்னாலதான் நின்னீங்க. தூள் பறந்துச்சா இல்லையா, அத மட்டும் சங்கத்துல வந்து சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். பேரு மட்டும் திரும்பிச்சுன்னா போதும்."

"மழை நாளு தம்பி. எனக்குச் சரியா ஞாபகமில்ல."

"உங்களுக்கா?" என்று கேட்டார்.

அதன் பிறகு என் சட்டையைப் பார்த்து, "தோள்கிட்ட தையல் விட்டிருக்கு, கழட்டிக் குடுங்கண்ணே" என்று வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாளில் சட்டை திரும்பி வந்தது. ஒரு தடவை தைத்து, கோணலாகப் போனதால் பிரித்து, மறுபடி தைத்த ஊசித் துளைகள் தெரிந்தன. அடுத்த வருஷம் அவர் காய்ச்சலில் இறந்தார். நான் சாவுக்குப் போனேன். அந்த அம்மா, "வாங்கண்ணே" என்று நாற்காலி போட்டார். கொடி ஊர்வலம் அத்தோடு நிற்கும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. ஆளில்லாத வீட்டைப் பார்த்துக் கத்துவதுபோல, ஜன்னலுக்குள் காஜா எடுத்துக்கொண்டிருந்த அந்த அம்மாவைப் பார்த்துக் கத்தினார்கள். போன ஞாயிற்றுக்கிழமை கத்தியதோடு நிற்கவில்லை.

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று ஆய்வாளர் கேட்டார். "மொதல்ல வேலை போயிரும், அறை போயிரும், என் கண்ணுலயும் குத்துவாங்கன்னு பயந்தேங்க. அப்புறம், இத்தன நாள் ஏன் சொல்லலன்னு கேப்பாங்களேன்னு பயந்தேன்" என்றேன். கல் எறிந்தவர்களை விட்டுவிடுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. அவர்களுக்கும் இதை வாசித்துக் காட்ட வேண்டும். அதற்கு முன் ஆஸ்பத்திரியில் அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். முழுப் படத்தை இன்று ஆய்வாளரிடம் ஒப்படைத்தேன். ஓரத்தில் கரையான் அரித்திருக்கிறது, கோடு இருக்கிறது.

இதுவரை எழுதியதை எழுத்தர் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். நான் என் நல்ல காதைக் கொடுத்துக் கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, அத்தனையும் உண்மை. இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தேன்.

ரேகை வைத்த பிறகு ஆய்வாளர், தூள் பறந்ததைப் பார்த்தவர்கள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அதையும் கீழே சேர்த்து எழுதச் சொன்னேன். நடுவர் ரத்தக்கொதிப்பில் போனார். துறைமுகக் கோல்கீப்பர் கடலில் போனார். நெட்டை, தான் போட்ட கோலைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே போன மழைக்கு முந்திய மழையில் போனார். தச்சர் இல்லை. படம் எடுத்தவர் இல்லை. பார்த்தேன் என்று அன்றும் சொல்லி, இன்றும் சொல்லக்கூடியவராக உயிரோடு இருப்பவர் ஒருவர்தான்: பெரிய ஆஸ்பத்திரிப் பெண்கள் வார்டில் ஜன்னலிலிருந்து மூன்றாவது கட்டிலில் நெற்றிக் கட்டோடு படுத்திருக்கும் தையல்காரர் மனைவி.