ஓராஸ்பெக்கின் தட்டில் ஒரு காது

"காது! எனக்குப் போயி காது!"

ஷூ என்னும் ஊரில் ரயிலேறிய தோக்ஜானின் செவியில் முதலில் விழுந்தது இதுதான். சொன்னவர் ஜன்னலோரம் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த பெரியவர். அதுவரை அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பட்டாளத்துக்காரர், வந்தவளுக்குத் தன் இடத்தைக் காட்டிவிட்டுப் பையோடு அடுத்த பெட்டிக்கு ஓடினார். அவர் கும்பிடாத குறை.

"உக்காரு தங்கச்சி. என் பேரு ஓராஸ்பெக். நியாயம் தெரிஞ்ச முகமா இருக்கு உனக்கு, நீயே சொல்லு. சம்பந்தி வீட்டு விருந்து. தாராஸ்ல. மாப்பிள்ளையோட சொந்தபந்தம் அத்தனையும் உக்காந்திருக்கு. பொண்ணைப் பெத்தவன் நான். என் தட்டுல என்ன இருக்குங்கறே? ஆட்டுக்காது! யாருக்கும்மா நாம காது குடுப்போம்? மூக்கு ஒழுகற பசங்களுக்கு! சொன்ன பேச்சைக் கேட்டு வளரட்டும்னு! இதோ பாரு... சாட்சி!"

கோட்டுப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். அவித்த காது ஒன்று மேஜைமேல் கிடந்தது. தோக்ஜான் தன் தேநீர்க் கோப்பையை மெல்ல இந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"வாசல்லயே சொல்லிட்டேன். சம்பந்தம் முறிஞ்சுது, கல்யாணம் கிடையாதுன்னு. சொல்றதுக்கு எனக்கு சுதந்திரம் இருக்கா இல்லியா? இருக்கு! சரி, நீ என்ன வேலை பாக்கறே? பல் டாக்டரா? அடடா... உலகத்துலயே நிம்மதியான வேலை தங்கச்சி. வர்றவன் பூரா வாயைத் தொறக்கறான், ஒருத்தனாலயும் கருத்து சொல்ல முடியாது!"

அவரே சிரித்து, அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே காய்ந்த புல்வெளியில் குதிரைகள் தலை குனிந்து நின்றிருந்தன.

"இந்தக் கருத்து இருக்கே... எல்லாருக்கும் இருக்கு. என் சம்சாரம் ரௌஷானுக்குக்கூட இருக்கு. கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து ஒரே கருத்துதான்: 'கொஞ்சம் சும்மா இருங்க.' நான் தடுத்தேனா? இல்லியே! எங்க வீட்டுல யாரும் எதை வேணும்னாலும் பேசலாம், நான் முடிச்சதும். என்ன... நான் இன்னும் முடிக்கல, அவ்வளவுதான்."

மேஜையில் கைபேசி துடித்தது. எட்டிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

"எம்பொண்ணு. ஜனார். அல்மாத்தியிலேர்ந்து. வண்டி கெளம்பினதுலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. இருக்கட்டும், பேச்சு நடுவுல எதுக்கு... எங்க விட்டேன்? ஆங், உண்மை. எல்லாருக்கும் உண்மை வேணும் தங்கச்சி, பக்கத்து வீட்டுக்காரனைப் பத்தின உண்மை! அதை ராத்திரி பூரா கேப்பான். அவனையே பத்தி ஒரு வரி சொல்லு... உடனே கறி ஆறுதுன்னுவான். மனுஷ சுபாவம்! இதைத்தான் அங்கேயும் சொன்னேன். ரெண்டே வார்த்தை. ரெண்டுன்னா... கறி நெஜமாவே ஆறிடுச்சுன்னு ரௌஷான் சொன்னா. அவ எப்பவும் அப்படித்தான்."

தோக்ஜான் கேட்க நினைத்தது அவள் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"தலையா? பெரிய விருந்தாளிக்கு வைக்கற ஆட்டுத்தலை யாருக்குன்னு கேக்கறியா? எனக்குத்தான் வச்சாங்க! இல்லேன்னு சொன்னேனா? முகத்தை என் பக்கமாத் திருப்பி, கத்தியும் குடுத்து... வெட்டிப் பங்கு வைக்கற மரியாதை எனக்குத்தான். அதுல கொறை சொல்ல முடியாது. ஆனா பாரு, நான் சுதந்திரத்தைப் பத்திப் பேசறேன், இஸ்காக் சம்பந்தி, மாப்பிள்ளையோட அப்பா, என்னைவிடப் பெரியவரு... கண்ணை மூடிட்டாரு! சுதந்திரம்ங்கறேன், கொறட்டை விடறாரு! எனக்கு உண்மைதானே பெருசு? அறுத்தேன் காதை. வச்சேன் அவர் தட்டுல. 'சம்பந்தி, இது உங்களுக்கு. கேக்கக் கத்துக்குங்க'ன்னேன்."

தோக்ஜானின் கோப்பை உதட்டுக்கு வராமல் பாதியில் நின்றது.

"அப்படிப் பாக்காதம்மா! நீயும் ரௌஷான் மாதிரியே பாக்கறே. அந்த மனுஷன் என்ன பண்ணாரு? கண்ணைத் தொறந்தாரு. சிரிச்சாரு. காதை எடுத்து என் தட்டுல வச்சாரு. 'உங்களுக்குத்தான் சம்பந்தி அவசரமா வேணும்'னாரு. வீடே சிரிக்குது! என் சம்சாரமும் சிரிக்கறா! காதை எடுத்துக்கிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். அவ வரல. கறியைத் திரும்ப சூடு பண்றாங்களாம், சாப்பிட்டுட்டு வர்றாளாம்!"

கைபேசி மறுபடி துடித்தது. துடித்துத் துடித்து, மேஜைமேல் நகர்ந்து, காதுக்குப் பக்கத்தில் போய் ஓய்ந்தது.

"ஜனாரைக் கேக்கலியாங்கறியா?" தோக்ஜான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. "அந்தப் பையனை நாலு வருஷமாத் தெரியும் அவளுக்கு. நல்ல பையன்தான். நான் பேசறப்போ தலையாட்டுவான். அவளைச் சுதந்திரமா வளர்த்தவன் நான், தங்கச்சி. அவ எதை வேணும்னாலும் தேர்ந்தெடுக்கலாம். ஆனா கேட்டா..." முதல்முறையாக அவர் குரல் இறங்கியது. "கேட்டா, அவ கருத்தைச் சொல்லிடுவாளே!"

மூன்றாவது முறையாகக் கைபேசி துடித்தது. ஓராஸ்பெக் அதைப் பார்க்காமல் தொண்டையைச் செருமினார். "மனுஷனோட சுதந்திரம்னா என்னன்னு..."

தோக்ஜான் கைபேசியை எடுத்தாள். பச்சைப் பொத்தானை அழுத்தினாள். இன்னொரு கையால் அவர் காதை மூடியிருந்த தொப்பி மடலைத் தூக்கி, காதோடு கைபேசியை ஒட்டிப் பிடித்தாள். அசையாதீங்க என்று நோயாளிகளிடம் சொல்லும் அதே பார்வை.

"ஜனார், நான் என்ன சொல்றேன்னா..."

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் தொடங்கியது. அது நிற்கவில்லை. ஓராஸ்பெக் ஒருமுறை வாயைத் திறந்தார், மூடினார். இன்னொருமுறை திறந்தார், மூடினார். பிறகு கைபேசியைத் தானே பிடித்துக்கொண்டார். வண்டி ஒரு சிறிய நிலையத்தில் நின்று, திரும்பக் கிளம்பியது. குரல் இன்னும் முடியவில்லை.

அவருடைய இன்னொரு கை மேஜைமேல் தடவியது. கைக்குட்டையைக் கண்டுபிடித்தது. ஆட்டுக்காதை எடுத்து, ஓரத்தில் கடித்து, சத்தம் வராமல் மென்று தின்னத் தொடங்கினார்.