மேல் வீட்டில் நித்திரை

கொட்டாஞ்சேனையில் இருந்து வெள்ளவத்தைக்குப் போகிற பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்திக்கு வயது போன குரல், மற்றவளுக்கு இளங்குரல். கூச்சத்தில் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

“மேல் வீட்டுக்காரர் வந்து டிவியைக் குறைக்கச் சொன்னவர், பிள்ளை,” என்றாள் மூத்தவள்.

“அவரோ? அவர் அடிக்கத் தொடங்கினா, பெண்சாதி குழறுறது கேட்கக்கூடாதெண்டு ஃபிளாட்டில எல்லா வீட்டிலையும் டிவியைக் கூட்டி வைக்கிறதெண்டு சொன்னீங்களே அக்கா?”

“ஓம், எல்லாரும் கூட்டித்தான் வைக்கிறனாங்கள். புருசன் பெண்சாதிக்குள்ள நாங்கள் போய் என்னத்தைக் கதைக்கிறது? இப்ப சத்தமே இல்லை. ஆள் திருந்திட்டாரெண்டு நினைச்சன். சிரிச்ச முகத்தோட வந்து, ‘மனுசி நித்திரை, சத்தத்தைக் குறையுங்கோ’ எண்டார்.”

“எப்ப வந்தவர்?”

“வெள்ளிக்கிழமை பின்னேரம்.”

“இண்டைக்குத் திங்கள் அக்கா! பிறகு அவவைக் கண்டனீங்களோ?”

“காணேல்லை. கொடியில அவற்ற சேர்ட் மட்டும்தான் காயுது. அவரே தோய்க்கிறார் போல.”

பஸ் கொள்ளுப்பிட்டியைத் தாண்டியது.

“இப்பவும் டிவியைக் குறைச்சோ வச்சிருக்கிறீங்கள்?”

“ஓம். பாவம், நித்திரை கொள்ளட்டுமெண்டு எல்லாரும் குறைச்சுத்தான் வச்சிருக்கிறம்.”

இளையவள் பெல்லை அடித்தாள்.

“எங்கயடி இறங்குறாய்? வெள்ளவத்தைக்கு இன்னும் தூரம் இருக்கே!”

“எழும்புங்கோ அக்கா. திரும்பிப் போய் அந்தக் கதவைத் தட்டுவம்.”

பஸ் நின்றது. ஒரேயொரு சோடிச் செருப்பு இறங்கிப் போகிற சத்தம்தான் எனக்குக் கேட்டது.