முறிஞ்ச ஆட்டத்துக்கு ஒரு நேர்த்தி

ஆட்டாதையும் தம்பி கேதீஸ், தலையை ஆட்டாதையும். காது ஒண்டு போச்சுதெண்டால், சனிக்கிழமை உம்மைக் கட்ட வாற நாகேஸ்வரி பிளேனாலை இறங்கி, படத்திலை ரெண்டு காது இருந்ததே எண்டு கேக்கப்போறா. சும்மா பகிடி, பயப்பிடாதையும். பிளாக்டவுன் சலூன்காரனுக்கு எங்கட தலை பிடிபடாது. இந்தக் குசினிக் கதிரையிலை நான் எத்தினை பேருக்கு வெட்டினனான், ஒருத்தனும் குறை சொன்னதில்லை. சொன்ன ரெண்டு பேரும் மெல்பேணுக்குப் போயிட்டாங்கள்.

என்ன அடர்த்தி அப்பா உமக்கு! கலர் ரிவி வந்தாப் பிறகு பெடியள் எல்லாம் வளக்கிறாங்கள் தான், எண்டாலும் உதுக்குள்ளை ஒரு குருவி குடும்பம் நடத்தலாம்.

சரி, உம்மட்டை ஒரு நியாயம் கேக்கவேணும். நீர் எஞ்சினியர், சட்டதிட்டம் விளங்கினவர். போன ஞாயிறு உதைபந்தாட்டம் பாக்கப் போனமெல்லே, அந்த இத்தாலிக்காரற்றை ரீம் விளையாடினது. ரெண்டாவது கோல் விழ, நீர் பை எண்டுற இறைச்சிப் பணியாரம் வாங்கப் போயிட்டீர். அங்காலை நடந்த கூத்து உமக்குத் தெரியாது. மற்றப் பக்கத்துக் கோல்கீப்பர் இருக்கிறானே, அந்த மாடு மாதிரி ஆள், கோவத்திலை பாய்ஞ்சு கோல் கம்பத்தின்ரை மேல்தடியிலை தொங்கி ஒரு ஆட்டு ஆட்டினான். தடி படார் எண்டு ரெண்டாய் முறிஞ்சுது. தடியும் கீழை, அவனும் கீழை. ஒருத்தன் கயிறு கொண்டு வந்து கட்டிப் பாத்தான். இன்னொருத்தி உடுப்புக் காயப்போடுற தடியோடை ஓடி வந்தா. ரெஃப்ரி எல்லாத்தையும் பாத்திட்டு, விசிலை ஊதி, வீட்டை போங்கோ எண்டிட்டான். முடிய ஒரு துளி நேரந்தான் கிடந்தது.

இப்பதான் சிக்கல். உதைபந்தாட்டச் சங்கம் கூடிக் கதைச்சு, ஆட்டம் முடிஞ்ச மாதிரித்தான், இத்தாலிக்காரர் வெண்டது எண்டு சொல்லிப்போட்டுது. பப்பிலை களவாய்ப் பந்தயம் பிடிக்கிறானே அந்தச் செம்பட்டைத் தலையன், அவன் ஒத்துக்கொள்ளேல்லை. தொண்ணூறு நிமிசமும் ஓடவேணும், ஓடாட்டில் வெல்லுற பந்தயம் செல்லாது எண்டு, இத்தாலிக்காரர் வெல்லுவினம் எண்டு நான் கட்டின காசை என்ரை கையிலை திருப்பித் திணிச்சிட்டான்.

காசை விடும். அந்த ஆட்டத்துக்கு நான் சந்நிதி முருகனுக்கு ஒரு நேர்த்தி வைச்சிட்டன். மொட்டை. ஏன் சிரிக்கிறீர்? உந்தக் கெக்கட்டத்தை நிப்பாட்டும், கத்தரிக்கோல் வழுக்குது. சங்கத்தின்ரை கதைப்படி பாத்தால் மொட்டை அடிக்கத்தான் வேணும். பந்தயக்காரன்ரை கதைப்படி பாத்தால் தேவையில்லை. முருகன் ஆற்றை சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்? அதுதான் கேள்வி.

விளையாட்டில்லை தம்பி. அண்டையிலை இருந்து வீட்டிலை ஒண்டும் சரியில்லை. ஹோல்டன் கார் பரமற்றா ரோட்டு நடுவிலை படுத்திட்டுது. என்ரை மனிசி யோகா சோறு வைச்சால் அடிப்பிடிக்குது, கலியாணம் கட்டின நாள் தொட்டு அவ ஒரு பருக்கையும் கருக்கினதில்லை. பக்கத்து வீட்டு நாய் முந்தி என்னைக் கண்டால் குலைக்கும், இப்ப பாத்துப் பெருமூச்சு விடுது. சாமிக்குத்தம் எண்டால் வேறை என்ன?

என்ன சொன்னனீர்? பந்தயக்காரன் சொல்லுறதுதான் நியாயமோ? காசு வைச்சு நடத்திறவனுக்குத்தான் சட்டம் சரியாய்த் தெரியுமோ? வடிவாய் யோசிச்சுத்தானே சொல்லுறீர்? பிறகு சொல்லு மாறமாட்டீர்? நல்லது. இன்னும் கொஞ்சம் குனியும்.

அப்ப இதையும் கேளும். எங்கட இந்திரகுமார், முதல் கோல் ஆர் அடிப்பான் எண்டு காசு கட்டினவன். அவனுக்குச் செம்பட்டைத் தலையன் பல்லைக் காட்டிக்கொண்டு குடுத்திட்டான்! நான் சண்டைக்குப் போனன். ஆட்டமே செல்லாதெண்டால் அதிலை முதல் கோல் எங்காலை வந்தது எண்டு கேட்டன். அவன் ஆறுதலாய்ச் சொல்லுறான், மேற், என்ரை கூட்டாளி, கோல் விழுந்தாப் பிறகுதானே தடி முறிஞ்சது, அந்தப் பந்தயம் அப்பவே தீந்துது, அதுக்கு மிச்ச ஆட்டம் தேவையில்லை எண்டு. அதுவும் நியாயம் தானோ? ஓமோ? உம்மட வாயாலை வந்தால் சரி.

இனி நேர்த்தியைச் சொல்லுறன். நீர் எனக்கு நேர முன்னாலை நிண்டனீர். முதல் கோலை நான் கண்ணாலை காணேல்லை, உம்மட தலைமயிர்தான் தெரிஞ்சுது. பிறகு மற்றப் பக்கம் எங்களைப் போட்டு அமத்துறாங்கள். கையெடுத்துக் கும்பிட்டு, சந்நிதியானே, இன்னொரு கோல் விழப்பண்ணு, மொட்டை அடிக்கிறன் எண்டிட்டன். வாய் மூட முன்னம் விழுந்திட்டுது. வெல்லுறதைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை. கோலுக்குத்தான் நேர்த்தி.

இப்ப நீர் சொல்லும், செல்லுமோ, செல்லாதோ?

செல்லும்! பாத்தீரே, படிச்ச மனிசன் படிச்ச மனிசன்தான்.

என்ன, அப்ப நீங்கள் அடியுங்கோ அண்ணை எண்டுறீரோ? எங்கை தம்பி அடிக்கிறது? நிமிந்து என்ரை மண்டையைப் பாரும். முட்டைக்கோது. இதிலை அந்தாளுக்குக் குடுக்க என்ன கிடக்கு? கடவுளைப் பேக்காட்டப்படாது. யோகான்ரை தலையைச் சொல்லியிருந்தால் எனக்குக் கருகின சோறும் கிடைச்சிராது. கண்ணுக்கு முன்னாலை பெரிசாய் நிண்டது உம்மடதான், அதைத்தான் சொல்லிக் கும்பிட்டனான்.

ஐயோ, எழும்பாதையும்! நாகேஸ்வரிக்கு நான் சொல்லுறன், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நேர்த்தி எண்டால் விளங்கும். இரும் தம்பி, இனி எழும்பியும் பிரயோசனமில்லை. பின்பக்கம் எப்பவோ முடிஞ்சுது.