பெட்டியில் இடமில்லாமல் போன கால்

குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் அவர்களே, நீண்ட நேரமாய்ப் பொறுமை காக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்த கையோடு அவசரமாய் ஓடிவந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உட்கார இடமின்றிப் பின்னால் நின்று கேட்கும் தோழர்களே, நாளை விமானம் ஏறப்போகும் என் அண்ணன் மகளே, ஓரத்து நாற்காலியில் ஒரு காலை நீட்டியபடி அமர்ந்திருக்கும் என் அண்ணியே, உங்கள் அனைவருக்கும் என் அன்பும் வணக்கமும்.

தையல் தொழிலாளர் சங்கத்து வாசலில் நின்று முழங்கியே பழகியவள் நான். என்னை இன்று வாழ்த்திப் பேச அழைத்தீர்கள். அரையாண்டுக் காலம் அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிப்பு. நம் தெருவிலிருந்து இப்படிப் போகும் முதல் பிள்ளை. வாழ்த்தத்தான் நானும் வந்தேன். இன்று காலை அண்ணன் வீட்டுப் பரணில் ஒரு போர்வையைத் தேடி ஏறும் வரை வாழ்த்தும் எண்ணத்தோடுதான் இருந்தேன். இறங்கும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இதோ, மேடையில் நிற்கிறதே, இதுதான் அவளுடைய பெட்டி. ஒரே பெட்டிக்குத்தான் அனுமதி, அதற்கும் எடைக் கட்டுப்பாடு உண்டு. படிக்கப் போகும் பிள்ளையின் பெட்டியில் என்ன இருக்க வேண்டும்? புத்தகம் இருக்க வேண்டாமா? குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை இருக்க வேண்டாமா? திறந்து பார்த்தேன். அந்த ஊரில் இருக்கும் யாரோ ஒரு மருமகளுக்குப் பிரஷர் குக்கர் இருக்கிறது. யாரோ ஒரு பேரனுக்கு மரக்குதிரை இருக்கிறது. மருந்துக்கடைக்காரரின் மைத்துனருக்கு மூட்டுவலித் தைலம் இருக்கிறது. கேட்டால், அங்கே கிடைக்காதாம்! குக்கர் கிடைக்காத நாட்டிலா ஐயா பல்கலைக்கழகம் கட்டி வைத்திருக்கிறார்கள்?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரிக்கிற வரிசையில்தான் குக்கர்காரரும் உட்கார்ந்திருக்கிறார்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும். தாங்கள் கோப்பை வாங்கும் படம், கண்ணாடி போட்டு, கனத்த மரச்சட்டம் போட்டு, தங்கள் மகன் வீட்டு வரவேற்பறைக்கென்று இதே பெட்டிக்குள்தான் படுத்திருக்கிறது, தலைவர் அவர்களே.

எப்படிக் கொடுத்தீர்கள்? ஒருவராவது கேட்டுக் கொடுத்தீர்களா? சிரித்த முகத்தோடு வருவீர்கள், "சின்னப் பொட்டலம்தான், ஒரு ஓரமா வச்சுக்கம்மா" என்பீர்கள், வைத்துவிட்டுப் போய்விடுவீர்கள். ஒரு ஓரம் இவருக்கு, ஒரு ஓரம் அவருக்கு. பெட்டிக்கு எத்தனை ஓரம் ஐயா உண்டு? ஓரமெல்லாம் உங்களுக்கென்றால் உரியவளுக்கு எது? கம்பளிச் சட்டை வெளியே போனது. கருவிப்பை வெளியே போனது. கடைசியில், பழைய படுக்கை விரிப்பில் சுற்றி, பரணுக்குப் போனது ஒரு கால்.

ஆம், கால். அவள் படிப்பது செயற்கைக் கால் செய்யும் படிப்பு என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வெளிநாட்டுப் படிப்பு என்று தெரியும். எந்தப் படிப்பு என்று எவர் கேட்டீர்கள்? கல்லூரிப் பட்டறையில் கை கொப்பளிக்க அவள் செய்த கால் அது. முழங்காலில் மடங்கும், மடங்கி நிமிரும். அதைப் பார்த்துத்தான் அந்தப் பல்கலைக்கழகம் அவளைத் தேர்ந்தெடுத்தது. அந்தக் காலைக் கையோடு கொண்டு வா, எங்கள் இயந்திரத்தில் மாட்டி ஓயாமல் நடக்கவிட்டுச் சோதிப்போம், உடையும் இடத்தைத் திருத்துவோம், அதன்பிறகு ஒரு மனிதர் பயமில்லாமல் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். கால் இல்லாமல் அங்கே போய் அவள் என்ன செய்வாள்? உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கதவைத் தட்டிப் பொட்டலம் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவாள்.

அது யாருடைய அளவுக்குச் செய்த கால் தெரியுமா? அந்த ஓரத்து நாற்காலியைப் பாருங்கள்.

பேருந்து விபத்தில் ஒரு காலை இழந்த என் அண்ணிக்குக் கிடைத்தது மடங்காத செயற்கைக் கால். எங்கே போனாலும் ஓரத்து இடம்தான். நீட்டிய காலுக்கு அங்கேதான் வழி. அந்தக் காலைத் தாண்டும்போது உச்சுக் கொட்டியவர்கள் இந்தக் கூட்டத்திலும் உண்டு. அடுப்புக்கும் குழாய்க்கும் இடையே அம்மா நடக்கும் நடையைப் பார்த்துப் பார்த்து மகள் செய்த கால் அது. அதைப் பெட்டியிலிருந்து எடுத்தது யார்? அண்ணியேதான். எடுத்து, மகளின் கையிலேயே கொடுத்துப் பரணில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்.

ஏன் அண்ணி இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "எல்லாரும் நம்பிக் கொடுத்திருக்காங்க, எந்த முகத்தோட வேணாம்னு சொல்றது? கால் வீட்டுலதானே இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்." இவளைக் கேட்டேன். "விடுங்க அத்தை, போட்டோ காட்டிச் சமாளிச்சுக்கறேன்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, பெரியோர்களே. யார்மீது என்கிறீர்களா? உங்கள்மீது மட்டுமல்ல, என் அண்ணிமீதும்தான். தனக்கு வரவேண்டிய காலைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்தவர் குக்கருக்கு இடம் விடுவது நல்ல குணமா? இல்லவே இல்லை. முகம் கோணாமல் எல்லாம் வாங்கி வைத்தவரை நாளைக்கு நீங்கள் தங்கமானவர் என்பீர்கள். தங்கம் என்ற பட்டத்தைப் போட்டுக்கொண்டு படி ஏற முடியுமா? பேருந்தில் உட்கார முடியுமா?

நேரமாகிவிட்டது என்கிறார் தலைவர். தெரியும் ஐயா. பேச்சை முடிக்கிறேன், வேலையைத் தொடங்குகிறேன். பெட்டியைத் திறந்துவிட்டேன். முதலில் தங்கள் படம். எழுந்து வாருங்கள். கூச்சம் வேண்டாம், எழுந்து வாருங்கள்.

வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டதற்கு அவருக்கு என் நன்றி. குக்கர்காரர் தானாகவே வருகிறார், வழி விடுங்கள். மரக்குதிரை வீட்டம்மா, உங்களை நான் திட்டவில்லை; பேரன்மீது ஆசை யாருக்கு இல்லை? எடுத்துக்கொள்ளுங்கள். தைலத்தை நானே கடையில் கொடுத்துவிடுகிறேன்.

இப்போது பெட்டி காலி. போர்வை தேடப் போன நான் பரணிலிருந்து கையோடு கொண்டு வந்தது இந்தக் கால். அண்ணி, இந்த மேடைக்குப் படி வைத்தவர்கள் பிடித்து ஏறக் கைப்பிடி வைக்கவில்லை. நீங்கள் அங்கேயே இருங்கள், பெட்டியையும் காலையும் நான் கீழே கொண்டு வருகிறேன்.

வேண்டாமா? என்ன சொல்கிறார்? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். "நீ பேசினது போதும். பெட்டியைத் திறந்து பிடி, நானே வந்து வைக்கிறேன்" என்கிறார்.

எழுந்துவிட்டார். தோழர்களே, யாரும் கைதட்ட வேண்டாம். யாரும் ஓடிப்போய்த் தாங்கவும் வேண்டாம், அவர் கேட்கவில்லை. ஒரு படிக்கு எவ்வளவு நேரமாகிறது என்பதை மட்டும் இன்று உட்கார்ந்து பாருங்கள்.

பெட்டியில் இடம் திருப்பித் தந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. அவர் ஏறி வரும் வரை நான் பேசப் போவதில்லை. வணக்கம்.